மூடப்பட்ட புகார்கள்

இசக்கிமுத்து தன் மனைவியைப் பார்த்து "நீ சாப்பிட்டியா?" என்று முதன்முறையாகக் கேட்ட அன்றே அவன் தங்கை பகவதிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அதற்காக அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

இசக்கிமுத்து யார் என்று பாளையங்கோட்டைப் பக்கம் கபடி பார்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கால் நூற்றாண்டாகக் கபடிப் போட்டிகளுக்கு மைக் பிடித்தவன். பிடிபட்டவனைத் திட்டுவான், பிடித்தவனைத் திட்டுவான், நடுவரைத் திட்டுவான். கோப்பை கொடுக்க வந்த பிரமுகரைக்கூட ஒரு இடி இடித்துவிட்டுத்தான் மேடைக்குக் கூப்பிடுவான். கூட்டத்தில் பாதி ஆட்டத்துக்கு வந்தது, பாதி இவன் வாய்க்கு வந்தது. வீட்டிலும் அதே வாய்தான், மைக் மட்டும் கிடையாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் செண்பகத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சவமே, மூதி, அவ்வளவுதான். செண்பகம் பதில் பேச மாட்டாள். தட்டை வைக்கும்போது 'ணங்'கென்று ஒரு சத்தம் வரும், அதுதான் அவள் பதில்.

நாற்பத்தொன்பதாவது வயதில், ஒரு போட்டி முடிந்து மேடையிலிருந்து இறங்கும்போது விழுந்தான். மூளைத்தண்டில் அடைப்பு. உயிர் தப்பியது. ஆனால் கை கால் அசையவில்லை, நாக்கும் அசையவில்லை. கண்ணும் புருவமும்தான் மிச்சம். அதே சமயம் உணர்ச்சி ஒன்றும் போகவில்லை. தொட்டால் தெரியும், எறும்பு கடித்தால் தெரியும், பேசுவதெல்லாம் கேட்கும், புரியும். டாக்டர் இதை ஏதோ நல்ல செய்தி மாதிரிச் சொன்னார்.

தங்கை பகவதிக்கு எதிர்வீடு. சென்னையில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே டெஸ்டர் வேலை பார்க்கிறாள். அடுத்தவர் செய்து வைத்ததில் பிழை கண்டுபிடிப்பது அவள் தொழில், கொஞ்சம் அவள் சுபாவமும்கூட. அந்த வருடம்தான் நரம்புப் பட்டை என்று ஒன்று கடைகளுக்கு வந்திருந்தது. தொண்டையிலும் நெற்றியிலும் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை. ஒரு ஆள் பேச நினைக்கும்போது நரம்பில் ஓடுகிற சிறு துடிப்பை அது பிடிக்கும். தலைமாட்டில் வைத்த ஒரு சின்னப் பெட்டி அதைப் பேச்சாக்கிச் சொல்லும்.

ஆனால் பட்டை பிடிப்பது கால்வாசிதான். மிச்ச முக்காலை ஊகித்து நிரப்ப, அந்த ஆளின் பழைய பேச்சையெல்லாம் படித்து வைத்த ஒரு கோப்பு வேண்டும். அண்ணன் விஷயத்தில் பழைய பேச்சுக்கா பஞ்சம்? கபடி ஒலிப்பதிவு மட்டுமே முந்நூறு மணி நேரம் இருந்தது. பகவதி ஒரு மாதம் உட்கார்ந்து அந்தக் கோப்பைச் செய்தாள். அதைத் தினமும் புதுப்பிக்கப் பெரிய கணினிகள் வேண்டும். அதற்கு அவள் எங்கே போவாள்? சாவடியில் ஏற்றினாள்.

சாவடி என்பது ஒரு இணையதளம். யார் வேண்டுமானாலும் தங்கள் திட்டத்தின் கோப்புகளை அங்கே ஏற்றி வைக்கலாம். அவர்களுடைய கணினிகளே அதைப் பராமரித்துக் கொடுக்கும், எல்லாம் இலவசம். பதிலுக்கு அந்தத் திட்டம் கதவில்லாத வீடாக இருக்க வேண்டும். எவரும் நகல் எடுத்துக்கொள்ளலாம், எவரும் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் பொறுப்பாளர் கையில்; ஏற்றால் எல்லா நகல்களுக்கும் அது தானாகப் போய்ச் சேரும். நகல் எடுத்தவர்கள் வீட்டில் ஏதாவது கோளாறு என்றால் அந்தப் புகாரும் மூலத் திட்டத்துக்கே வந்து சேரும். பார்க்காத புகார் முந்நூறைத் தாண்டினால், கேட்பாரற்ற திட்டம் என்று முத்திரை குத்தி எடுத்துவிடுவார்கள்.

செண்பகத்துக்கு இதில் ஒரு இடம் உறுத்தியது. "அப்பம் இவிய பேச்ச ஊரான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரலாமா?" என்று கேட்டாள்.

"போகட்டுமே மைனி. அதுனால நம்ம வீட்ல இருக்கது கொறஞ்சா போவுது?" என்றாள் பகவதி.

பட்டையை ஒட்டிய முதல் நாள் காலை பத்து மணி இருக்கும். அக்கம்பக்கத்தார் எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெட்டி கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு இசக்கிமுத்துவின் அசல் குரல், மைக்கில் வருகிற அதே குரல், வந்தது. "ஏட்டி பகவதி, மூக்குல ஈ உக்காந்து அரைமணி நேரமாச்சு. எல்லாரும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய?"

அழுதவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் அழுதார்கள். ஈயை ஓட்ட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பெட்டி தவறாக ஊகித்துவிட்டால் என்ன செய்வது என்று பகவதி முன்பே யோசித்திருந்தாள். இரண்டு முறை புருவத்தைத் தூக்கினால் தப்பு என்று அர்த்தம். பேசிக்கொண்டிருக்கும்போது தூக்கினால் பெட்டி உடனே நிறுத்திவிட்டு வேறு வாக்கியம் தேடும். எப்போது தூக்கினாலும் சாவடியில் தானாக ஒரு புகார் பதிவாகிவிடும்.

தமிழில் இப்படி ஒரு கோப்பு அதற்கு முன் உருப்படியாக ஒன்றும் இல்லை. ஒரு வருடத்துக்குள் முந்நூற்று நாற்பது வீடுகளில் இசக்கிமுத்துவின் நகல் ஓடியது. அவரவர் வீட்டு நோயாளியின் பழைய ஒலிப்பதிவை மேலே ஏற்றிக்கொள்வார்கள். குரல் அவர்களுடையதாக மாறிவிடும். அடியில் ஓடுவது இசக்கிதான். திருச்சியில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை, தண்ணீர் கொண்டுவந்த மருமகனை அவருடைய கண்ணியமான குரலில் "மூதி" என்று கூப்பிட்டுவிட்டார். மருமகன் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லையாம்.

இதையெல்லாம் சரிசெய்ய வந்தவர்தான் நிலவழகன். பினாங்குக்காரர், சிங்கப்பூரில் வேலை. பினாங்கில் படுத்திருந்த அவருடைய அம்மாவுக்கு இந்தக் கோப்பைத்தான் போட்டிருந்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து ஒரு வரி எழுத மாட்டார். அவர் அனுப்பிய முதல் திருத்தம் வசவுகளைத் தணிப்பது. பகவதி கொஞ்சம் தயங்கினாள். ஒரு வீட்டுக்காக முந்நூறு வீடு கெட்டபெயர் வாங்க வேண்டுமா என்று நினைத்து ஏற்றுக்கொண்டாள். அண்ணன் பெட்டியில் ஓடுவதும் அதே மூலக் கோப்புதான் என்பதை அவள் மறக்கவில்லை. ஓரிரண்டு வசவு குறைந்தால் என்ன என்று இருந்தாள்.

அடுத்தது புருவம். வயதானவர்களுக்குப் புருவம் சும்மாவே துடிக்கிறது, அதற்கெல்லாம் பெட்டி நின்று நின்று பேசினால் கேட்கிறவர்களுக்குச் சலிப்பு வருகிறது என்று பல வீடுகளிலிருந்து எழுதினார்கள். பெட்டி நிற்க வேண்டாம், புகார் மட்டும் பதிவாகட்டும் என்று நிலவழகன் மாற்றினார். அதற்கடுத்து, வீட்டார் தங்களுக்குப் பிடித்த பதில் வரும்போது போனில் 'சரி' என்று தட்டினால், கோப்பு அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி செய்தார். எல்லாமே தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்.

பிறகு ஒரு வினோதம் நடந்தது. ஒரே வாரத்தில், ஒருவரையொருவர் அறியாத நாற்பது வீடுகளில், நோயாளிகள் ஒரே வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். "அது நான் சொல்லல." திருச்சி தலைமையாசிரியை சொன்னார், நிலவழகனின் அம்மா சொன்னார், இசக்கிமுத்துவும் சொன்னான். ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. எதைச் சொல்லவில்லை என்று கேட்டால் பெட்டி வேறு ஏதோ இனிமையாகப் பேசும். வீட்டார் பயந்துபோனார்கள்.

பல இடங்களில் ஒரே மாதிரி வந்தால் அது பொதுப் பிழை. டெஸ்டர் வேலையில் முதல் வாரம் சொல்லித் தருவதே இதுதான். கோப்பு எங்கோ சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறது என்று நிலவழகன் எழுதினார், பகவதியும் ஒத்துக்கொண்டாள். அந்த வாக்கியம் இனி வராதபடி அவர் தடுத்து அனுப்பியதை, அருமையான வேலை என்று ஒரு பாராட்டும் எழுதி ஏற்றாள். மறுநாளிலிருந்து எந்த வீட்டிலும் யாரும் அதைச் சொல்லவில்லை.

புகார்கள் மட்டும் குவிந்தன. ஒரு வாக்கியம், பக்கத்தில் 'தப்பு' என்ற ஒரு சொல், அவ்வளவுதான் அவற்றில் இருக்கும். எதைச் செய்தால் பிழை வருகிறது என்று படிப்படியாக எழுதாத புகாரைக் கையால் தொடாதே என்பது அவள் தொழிலின் வேதவாக்கு. முந்நூறு என்ற எல்லை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சாவடி கோப்பை எடுத்துவிட்டால் அண்ணன் ஊமை. படிகள் இல்லாத புகாரை வந்தவுடன் மூடிவிடும் சின்ன நிரல் ஒன்றை எழுதி வைத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் அது எழுதும்: "விவரம் போதவில்லை. மூடப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி."

இந்தச் சமயத்தில்தான் இசக்கிமுத்து மனைவியிடம் சாப்பிட்டியா என்று கேட்க ஆரம்பித்தான். காலையிலும் சாயங்காலமும், செண்பகம் அவனைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைக்கும்போது கேட்பான். முதல் நாள் அவள் ஓடி வந்து பகவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். போனில் 'சரி' தட்ட மறக்கவே மாட்டாள். உடம்பு எப்படி என்று யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றான். வலிக்கிறதா என்றால் ஒன்றும் இல்லை என்றான். அண்ணாச்சிக்கு ஞானம் வந்துவிட்டது என்று கபடி நண்பர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. புருவம் மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருந்தது. பக்கவாதக்காரர்களுக்கு அதெல்லாம் சகஜம் என்று எல்லோரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

பத்து மாதம் இப்படிப் போனது. ஆடி மாதத்தில் நிலவழகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மா போய்விட்டார். கடைசி நேரத்தில் தன்னால் பக்கத்தில் இருக்க முடியவில்லை, ஆனால் அம்மா நிம்மதியாகப் போனார், கடைசிவரை அவர் பேச்சைக் கேட்க முடிந்ததற்குப் பகவதிக்கும் அவள் அண்ணனுக்கும் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். பகவதி அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினாள். கேட்க ரொம்ப நிறைவா இருக்கு என்றது பெட்டி.

அடுத்த வாரம் சாவடியிலிருந்து ஒரு எச்சரிக்கை. உங்கள் திட்டத்தில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் புகார்கள் மனிதக் கண் படாமல் மூடப்பட்டிருக்கின்றன, ஒரு வாரத்துக்குள் அவற்றைப் பார்வையிடவும், தவறினால் திட்டம் நீக்கப்படும். பகவதி சலித்துக்கொண்டாள். புதன்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து, எந்த வாக்கியத்துக்கு அதிகப் புகார் என்று வரிசைப்படுத்தினாள்.

முதலில் நின்றது, "நான் நல்லா இருக்கேன்." ஒன்பதாயிரம் முறை தப்பு. அடுத்தது, "எனக்கு வலி இல்ல." அதற்கடுத்து, "ஒண்ணும் வேண்டாம்."

பட்டையில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பழக்கம் போகுமா? அண்ணன் வீட்டுப் பெட்டியின் புகார்களை மட்டும் தனியாகப் பிரித்தாள். "நீ சாப்பிட்டியா?" அறுநூற்றுப் பதினோரு முறை தப்பு. எல்லாம் காலை ஆறரைக்கும் சாயங்காலம் நாலரைக்கும். துடிப்பு என்றால் நேரம் பார்த்தா துடிக்கும்? அதற்குமேல் ஸ்கிரீனைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. நாற்பது வீடுகளில் ஒரே வாரத்தில் கிளம்பிய அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. அது நான் சொல்லல. நாற்பது பேர் தனித்தனியாக ஒரே உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அதைப் பிழை என்று அடைத்துவிட்டு, பாராட்டும் எழுதியிருக்கிறாள்.

செருப்பு போடாமல் தெருவைத் தாண்டினாள். செண்பகம் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பகவதி நேராக உள்ளே போய், அண்ணனின் நெற்றியிலும் தொண்டையிலும் இருந்த பட்டையைப் பிய்த்தாள். பெட்டி அமைதியானது. இசக்கிமுத்து கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தான்.

"அண்ணே, பெட்டி இல்ல. நான் கேக்கதுக்கு ஆமான்னா ஒரு தடவ தூக்கு, இல்லன்னா ரெண்டு தடவ. சரியா?"

ஒரு தடவை தூக்கினான்.

"வலிக்கா?"

ஒரு தடவை.

கால், இடுப்பு, முதுகு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை. இடது தோள் என்றபோது அவள் முடிப்பதற்குள் புருவம் மேலே போனது. ரொம்ப நாளாகவா? ஆமாம். பத்து மாதமாகவா? ஆமாம். தூக்கும்போதா? அவன் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. புருவம் ஒரு தடவை ஏறி இறங்கியது.

வாசலில் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். கையில் பிழிந்த துணி. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று பகவதிக்குத் தெரியவில்லை.

"அந்தக் கையப் புடிச்சுத்தான நான் தூக்குதேன்" என்றாள். துணியைக் கீழே போட்டுவிட்டு, "தூக்கும்போதுதான சாப்பிட்டியான்னு கேட்டாவ" என்றாள்.

பகவதி சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் செண்பகமே கண்டுபிடித்துவிட்டாள். தினம் இரண்டு வேளை அந்த மனிதன் அலறியிருக்கிறான். பெட்டி அதை அன்பாக மாற்றிச் சொல்லியிருக்கிறது. அவள் 'சரி' தட்டியிருக்கிறாள்.

டாக்டர் வந்து பார்த்தார். தோள் மூட்டு கிண்ணத்திலிருந்து எப்போதோ நழுவியிருந்தது. இவ்வளவு நாள் எப்படிச் சொல்லாமல் இருந்தார் என்று ஆச்சரியப்பட்டார். கட்டுப் போட்டுவிட்டு, இனி எப்படித் தூக்க வேண்டும் என்று செண்பகத்துக்குச் செய்து காட்டினார். அவர் போனபிறகு அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்தாள். பகவதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

செண்பகம்தான் முதலில் பேசினாள். "உங்க அண்ணன் அப்படிக் கேக்குற ஆளு இல்லன்னு எனக்குத் தெரியாதா பகவதி? மொத நாளே தெரியும். யாரோ ஒருத்தர் கேக்காவ, கேட்டுட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். எனக்கு அது வேண்டி இருந்துச்சு."

மறுநாள் பகவதி திருத்தங்கள் எல்லாவற்றையும் கழற்றினாள். யாருடைய கையும் படாத முதல் கோப்பை, தான் ஏற்றிய அன்று இருந்தபடியே, அண்ணனுக்குப் போட்டாள். பட்டையை ஒட்டிவிட்டுச் செண்பகம் புது முறையில் அவனைத் தூக்கினாள். பெட்டி கரகரத்தது. "பாத்துத் தூக்கு சவமே, நான் என்ன அரிசி மூட்டையா?"

செண்பகம் சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்து, "வாய மூடிக்கிட்டுப் படுங்க" என்று பதிலும் சொன்னாள். பகவதிக்கு மூச்சு வந்தது. அண்ணன் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று நம்பினாள்.

அன்றைக்கே முந்நூற்று நாற்பது வீடுகளுக்கும் ஒரு அறிவிப்பு எழுதினாள். நடந்ததை மறைக்கவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு, புருவத்தைப் பார்த்து, வலிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள் என்று எழுதினாள். சிலர் கேட்டார்கள். திருச்சி மருமகன் ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தார், அதைப் பகவதியால் முழுதாகப் படிக்க முடியவில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் கேட்கவே இல்லை. எங்க அப்பா நிம்மதியா இருக்கார், அதைக் கெடுக்காதீங்க என்று ஈரோட்டிலிருந்து ஒரு பெண் எழுதினாள். அவளும் இன்னும் நூற்றெண்பது வீட்டாரும் திருத்தங்களோடு இருந்த பழைய கோப்பை நகல் எடுத்து, வேறு பெயரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாவடி விதிப்படி அதில் தப்பில்லை, பகவதியால் தடுக்க முடியாது. அங்கே முதலில் வந்து சேர்ந்த திருத்தம், புருவப் புகாரைப் பதிவு செய்வதையே நிறுத்துவது. ஒரே மணி நேரத்தில் தொண்ணூறு பேர் அதை ஆதரித்திருந்தார்கள்.

நிலவழகன் நாலு நாள் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு வரி வந்தது. "அம்மாவின் பெட்டியிலிருந்து வந்த புகார்கள் உங்களிடம் இருக்கும். கடைசி மாதத்துப் புகார்களை மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா, சகோதரி?"

இருந்தன. பகவதி திறந்து பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. கடைசி ஒன்பது நாட்களில் ஒரே வாக்கியத்துக்குத்தான் திரும்பத் திரும்பத் தப்பு போட்டிருந்தது, எழுபத்திரண்டு முறை. "நீ வர வேண்டாம்யா, அம்மா நல்லா இருக்கேன், வேலையப் பாரு." கடைசிப் புகார், அம்மா போன அன்று காலை ஐந்து பத்துக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் விவரம் போதவில்லை என்று அவளுடைய நிரல் எழுதி மூடியிருந்தது.

அந்த வாக்கியத்தை அம்மா வாயில் வைத்தது நிலவழகனின் திருத்தமும் அவர் தட்டிய 'சரி'களும். அதை நம்பித்தான் அவர் ஊருக்குப் போகாமல் இருந்திருக்கிறார். அனுப்பினால் அந்த மனிதர் தாங்குவாரா? அழிந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. காலை முழுக்க முடிவெடுக்க முடியாமல் கிடந்தாள். இதைக் கேட்பதற்குத் தகுதியான ஆள் உலகத்தில் ஒருவன்தான் என்று பட்டது. எதிர்வீட்டுக்குப் போனாள்.

செண்பகம் கடைக்குப் போயிருந்தாள். பகவதி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னாள். "அனுப்பவா, வேண்டாமா? நீயே சொல்லு" என்றாள்.

பெட்டி உடனே பேசியது. அதே மைக் குரல். "வேண்டாம்ட்டி. அவன் பாவம். செத்தவள ஏன் திரும்பக் கொல்லணும்? விட்டுரு."

பகவதிக்கு அழுகை வந்தது. இதைத்தான் கேட்க வந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

புருவம் இரண்டு முறை ஏறி இறங்கியது.

துடிப்பாக இருக்கும் என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தாள். அவன் அவளையே பார்த்தபடி மறுபடியும் தூக்கினான், நிதானமாக, ஒன்று, இரண்டு. அவள் எழுந்து பட்டையைக் கழற்றினாள்.

"அனுப்பணுமா அண்ணே?"

ஒரே ஒரு தடவை.

இப்போது ஓடிய அந்த முதல் கோப்பில் நிலவழகன் கைவைக்கவில்லை. முந்நூற்று நாற்பது வீட்டில் எவரும் கைவைக்கவில்லை. அதைச் செய்தது அவள் ஒருத்திதான். எந்தப் பதிவை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது, அண்ணன் எப்படிப் பேசினால் அண்ணனாக இருப்பான் என்று ஒரு மாதம் உட்கார்ந்து முடிவு செய்தவள் அவள்.

வீட்டுக்கு வந்து, ஒரு வரியையும் நீக்காமல், எழுபத்திரண்டு புகார்களையும் நிலவழகனுக்கு அனுப்பினாள். இப்போதெல்லாம் எழுத்து அட்டையை வைத்துக்கொண்டு, க வரிசையா ச வரிசையா என்று புருவத்தைப் பார்த்துக் கேட்டு, ஒரு வாக்கியத்துக்கு அரைமணி நேரம் செலவழித்துத்தான் அண்ணனோடு பேசுகிறாள். நிறையக் கேட்டுவிட்டாள். ஆனால் புது முறையில் தூக்கிய அன்று செண்பகத்தைச் சிரிக்க வைத்த அந்த வசவைச் சொன்னது அவன்தானா என்று மட்டும் இன்றுவரை கேட்கவில்லை, அன்றைய புகார்ப் பட்டியலையும் திறந்து பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரிப்பில் இருவரில் ஒருவரும் அவன் புருவத்தைப் பார்க்கவில்லை.